விழுந்தால் படுக்கை, நின்றால் நூறு பஸ்கி

அக்கா விழுந்ததும் கூடத்தில் இருந்த அறுபது பேரும் கைதட்டினார்கள்.

லிஃப்ட் மெக்கானிக் மட்டும் ஓடினார். குறுக்கே நின்ற பேங்க் கேஷியரை இடித்துத் தள்ளி, விரிப்பில் ஏற்கெனவே கண்ணை மூடிக் கிடந்த இரண்டு பேரைத் தாண்டி, ஐம்பது வயசுத் தொப்பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவருடைய அக்கா மல்லாந்து கிடந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பாதி திறந்த கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது.

"தண்ணி! யாராவது தண்ணி கொண்டாங்க!"

"பதறாதீங்கண்ணே," என்றார் ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருந்த உதவியாளர். அங்கே அவருக்குப் பெயரே மைக்தான். "அலை ஏறியிருக்கு. எவ்வளவு ஆழமா ஏறியிருக்கு பாருங்க! இந்த மாசத்துலயே இதுதான் பெரிய விழுகை!"

மறுபடி கைதட்டல்.

"என்னய்யா அலை? மாஸ்டர் அக்காவைப் பாத்துக் கையையே தூக்கலையே!"

உண்மைதான். மாஸ்டர் அந்த நேரத்தில் பின்பக்கக் குழாயடியில் தாடிக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். மைக் ஒரு விநாடி யோசித்தார். ஒரே ஒரு விநாடிதான்.

"கையைத் தூக்காமலேயே விழுந்திருக்காங்கன்னா என்ன அர்த்தம்? மாஸ்டரோட சக்தி அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சு!"

மூன்றாவது கைதட்டல். இதுவரை வந்ததிலேயே பெரியது.

மெக்கானிக் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. அக்காவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். கீழே டயர் கடை. டயர் ஏற்றிக்கொண்டிருந்த வண்டியை நிறுத்தி, டயர்களுக்கு நடுவில் அக்காவை உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மேலே கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா அக்காவின் விரலில் குத்தி, கருவியைப் பார்த்து, கருவி கெட்டுவிட்டதோ என்று இன்னொரு கருவியை எடுத்துக் குத்தினார். இரண்டு கருவியும் ஒரே கணக்கைச் சொல்லின.

"சர்க்கரை நானூத்தி எழுபது. மாத்திரை போடறாங்களா இல்லையா?"

"மூணு மாசமா நிறுத்திட்டாங்க டாக்டர்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

மெக்கானிக் அக்காவின் போர்வையைச் சரிசெய்தார். யார் சொன்னார் என்பது நீண்ட கதை. அந்தக் கதையில் அவருக்கே ஒரு பங்கு இருந்தது. அது அவர் தொண்டையில் பதினோரு மாதமாகச் சிக்கிக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா அக்காவின் இடது காலைத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலடியில் ஒரு புண். ஓரம் கறுத்திருந்தது. "இப்ப ஊசி போட்டு இறக்கிவிடறேன். வீட்டுக்குப் போய் ஒழுங்கா மாத்திரை போடணும். இன்னும் பத்து நாள்ல சர்க்கரை கட்டுக்குள்ள வரலேன்னா இந்த விரலை எடுக்க வேண்டியிருக்கும். அதோட நிக்கும்னும் நான் உத்தரவாதம் தர முடியாது."

ஊசி வேலை செய்தது. மறுநாள் அக்கா எழுந்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"எல்லாரும் கைதட்டினாங்களாமே, நிஜமாடா?"

*

ஊரில் நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம் டாக்டர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: நடங்கள். நடப்பதில் என்ன கௌரவம் இருக்கிறது? நாய்கூட நடக்கிறது. அதனால்தான் டயர் கடை மாடியில் "தொடா வீச்சு தற்காப்புக் கலை, நடுத்தர வயதினருக்கு மட்டும்" என்று பலகை மாட்டியதும் கூட்டம் படியில் வரிசைகட்டி நின்றது. முட்டி தேய்ந்தவர், மூச்சு வாங்குபவர், பழைய பேண்ட் இடுப்பில் ஏறாதவர், எல்லாரும் வீரர்களாக வந்தார்கள்.

மாஸ்டர் மலைக் குகை ஒன்றில் பன்னிரண்டு வருஷம் பயின்றவராம். எந்த மலை என்று கேட்டால் கண்ணை மூடிக்கொள்வார். கறுப்பு அங்கி, வெள்ளைத் தாடி. எதிரே ஆளை நிறுத்தி, உள்ளங்கையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து "ஹூம்!" என்பார். பத்தடி தள்ளி நிற்பவர் மடிந்து விழுவார். தொடவே மாட்டார். அவர் உள்ளங்கையிலிருந்து அலை கிளம்புகிறதாம். அது எதிரியை வீழ்த்துமாம். எதிரி இல்லாத நாளில் நோயை வீழ்த்துமாம். நடுத்தர வயதினருக்கு எதிரியைவிட நோய்தான் அதிகம் என்பது மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும்.

ஆனால் மாத்திரை அலையைத் தடுக்குமாம். அதனால் வாசலில் ஒரு பிரம்புக் கூடை இருந்தது. பிரஷர் மாத்திரையைக் கூடையில் போட்டுவிட்டு வந்தால் மஞ்சள் பெல்ட். சர்க்கரை மாத்திரையைப் போட்டால் சிவப்பு. உலகத்தில் மற்ற இடங்களில் எதிராளியை ஜெயித்தால் பெல்ட் கிடைக்கும். இங்கே மருந்துக் கடைக்காரரை ஜெயித்தால் போதும். எந்த நோயும் இல்லாத பாவி ஒருவன் வந்தால் கடைசிவரை பெல்ட் இல்லாமலேயே திரிய வேண்டியதுதான்.

லிஃப்ட் மெக்கானிக் அப்படிப்பட்ட பாவி. அவருக்கு இருந்தது தொப்பை மட்டும். தொப்பைக்கு மாத்திரை கிடையாது. ஆனாலும் அங்கே அவருக்குத் தனி மரியாதை. சுவரில் அவர் படம்கூட மாட்டியிருந்தது. காரணம், அவர்தான் முதலில் விழுந்தவர்.

தொடக்க நாளன்று இருநூறு பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மாஸ்டர் கூட்டத்தில் இருப்பதிலேயே பெரிய உடம்பைத் தேடி மெக்கானிக்கை முன்னால் அழைத்தார். காலை அகட்டி, முட்டியை மடக்கி, குதிரை ஏறியவர் மாதிரி நிற்கச் சொன்னார். "ஹூம்!" என்றார். மெக்கானிக் தொம்மென்று மல்லாந்து விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இரண்டு பேர் கைகொடுத்தும் முதுகைத் தரையிலிருந்து பிரிக்க மறுத்தார். கூட்டம் கலையும்வரை அப்படியே கிடந்தார். கடைசியில் ஒரு ஜமுக்காளத்தைச் சுற்றித்தான் எழுப்பிக் கொண்டுபோனார்கள். இந்தக் கதையை மைக் தினமும் காலை ஆறு மணிக்குச் சொல்வார். "வருஷக்கணக்கா லிஃப்டை இழுத்து இழுத்து இரும்பான உடம்பு! அந்த உடம்பே அரைமணி நேரம் எந்திரிக்கலேன்னா...!" மீதியைக் கூட்டம் மனசுக்குள் நிரப்பிக்கொள்ளும்.

அன்றைக்குக் கூட்டத்தில் அக்காவும் இருந்தாள். அக்கா தையல் கடை வைத்திருப்பவள். முப்பது வருஷமாக ஒரே மிஷின், ஒரே ஸ்டூல். அம்மா போனபிறகு தம்பியை வளர்த்தவள் அவள்தான். "என் தம்பி எதையும் சும்மா நம்ப மாட்டான். அவனே விழுந்தான்" என்று மறுநாளே சேர்ந்தாள். சேர்ந்த எட்டாம் மாதம் சர்க்கரை மாத்திரையைக் கூடையில் போட்டாள்.

தம்பி அப்போதும் எதுவும் சொல்லவில்லை.

*

"நான் போய்ப் பாக்கறேன்," என்றாள் மெக்கானிக்கின் மனைவி.

அவள் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் இருப்பவள். ராத்திரியெல்லாம் துடித்த பல்வலி டாக்டரின் நாற்காலியைப் பார்த்ததும் "இப்ப தேவலாம்மா, நாளைக்கு வரேன்" என்று ஆகிவிடுவதை தினம் நாலு பேரிடமாவது பார்ப்பவள். மனுஷன் வாயால் சொல்வதை வைத்து அவள் எதையும் முடிவு செய்வதில்லை.

அவள் வகுப்பில் சேர்ந்தாள். முதல் நாள் மாஸ்டர் "ஹூம்" என்றார். அவள் நின்றாள். மறுபடி "ஹூம்". நின்றாள்.

"கட்டு!" என்றார் மாஸ்டர், வருத்தத்தோடு. "உள்ள பெரிய கட்டு இருக்கு. அலை நுழைய முடியல. மைக், கட்டை உடைங்க."

கட்டை உடைப்பது என்றால் சுவரைப் பார்த்து நின்று நூறு பஸ்கி எடுப்பது. உட்கார்ந்து எழ வேண்டும், நூறு தடவை. மைக் எண்ணுவார். தப்பாக எண்ணினால் முதலிலிருந்து. ஆனால் அலை பட்டு விழுந்தவர்களுக்கு வேறு கவனிப்பு. மெத்தை விரிப்பு, மேலே மின்விசிறி, கண்ணில் ஈரத் துணி, எழுந்ததும் எலுமிச்சை ஜூஸ். அலை உடம்பில் பரவ அரைமணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டுமாம்.

இரண்டாம் நாள் மாஸ்டர் "ஹூ" என்று ஆரம்பிக்கும்போதே அவள் விழுந்துவிட்டாள். "ம்" வருவதற்குள் ஈரத் துணி கேட்டாள்.

அன்று காலை வீட்டில், வெந்நீர் ஒத்தடப் பையைத் தொடையில் வைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, நேத்து நின்னேன். இன்னைக்கு விழுந்தேன். ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"என் தொடை சொல்லுச்சு, விழுடின்னு. அவ்வளவுதான். அந்த மெத்தையில என் பக்கத்துல டைப்பிஸ்ட் அம்மா படுத்திருந்தாங்க. நாலு பிள்ளை, மாமியார், ஆபீஸ். காலைல அஞ்சு மணிலேர்ந்து ராத்திரி வரைக்கும் முதுகைச் சாய்க்க நேரமில்லாத மனுஷி. குறட்டை விட்டாங்கங்க! நிஜமான குறட்டை. அவங்களுக்கு அந்த அரைமணி நேரத்தை வேற யாரு குடுப்பா? வீட்ல படுத்தா சோம்பேறி. அங்க படுத்தா வீராங்கனை."

மெக்கானிக் யோசித்தார். "எங்க வேலைல ஒண்ணு உண்டு. லிஃப்டை எது நிறுத்துதுன்னு சந்தேகம் வந்தா, கூடவே இருக்கற இன்னொண்ணைக் கழட்டிட்டு ஓட்டிப் பாப்போம். பிரேக் நிறுத்துதா, இல்ல சும்மா ஸ்பிரிங் நிறுத்துதான்னு தெரிஞ்சு போயிடும்."

"அப்ப மெத்தையைக் கழட்டணும்," என்றாள் அவள். "கழட்டிக்கூட வேணாம். இடம் மாத்திப் போட்டாப் போதும்." பிறகு ஒத்தடப் பையை அடுத்த தொடைக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள். "அது சரி, நீங்க அன்னைக்கு ஏன் விழுந்தீங்க? உங்களுக்கு யாரும் பஸ்கின்னு சொல்லவே இல்லையே? அப்ப மெத்தையும் கிடையாதே?"

மெக்கானிக்குக் கடுமையான இருமல் வந்தது. தண்ணீர் குடிக்க எழுந்து போனவர் திரும்பி அந்தப் பேச்சுக்கு வரவில்லை.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளிக்கூடக் கலையரங்கத்தில் விழா. ஒரே "ஹூம்"மில் நாற்பது பேரை வீழ்த்தப் போவதாகச் சுவரொட்டி. அதே மேடையில் அக்காவுக்குச் சிவப்பு பெல்ட். டாக்டரம்மா கொடுத்த பத்து நாளில் ஆறு நாள் போய்விட்டது. இத்தனை நாளும் அக்கா ஒரு மாத்திரையைக்கூடத் தொடவில்லை. விரலில் கட்டுப் போட்டு, முன்வரிசை நாற்காலியில் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இன்னைக்கு ஒரு மாத்திரை, ஒண்ணே ஒண்ணு போட்டுட்டு மேடை ஏறேன்," என்று மெக்கானிக் கெஞ்சினார்.

"டேய், பெல்ட் வாங்கற அன்னைக்கே மாத்திரையா? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு எனக்கு."

மேடையில் நாற்பது பேர் நான்கு வரிசையாக நின்றார்கள். பேங்க் கேஷியர் முதல் வரிசை. டைப்பிஸ்ட் அம்மா இரண்டாவது. பின்னால் நாற்பது மெத்தை, நாற்பது ஈரத் துணி, ஒரு பெரிய பாத்திரத்தில் எலுமிச்சை ஜூஸ், ஓரத்தில் மாடியிலிருந்து கொண்டுவந்த மாத்திரைக் கூடை. அரங்கத்தில் ஐந்நூறு பேர். மாஸ்டர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார்.

மெக்கானிக்கின் மனைவி மேடை ஏறி மைக்கிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினாள். "ரெண்டே வார்த்தை. நன்றி சொல்லணும்," என்றாள். நன்றி என்றால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

"நான் புதுசா சேர்ந்தவ. என் கட்டை உடைச்சவர் மாஸ்டர். எனக்கு ஒரே ஒரு மனக்குறை. அலை பட்டு விழறவங்க உடம்பு பூரா சக்தி ஏறிடுது. சரிதானே மாஸ்டர்?"

"முழுக்க ஏறிடும்," என்றார் மாஸ்டர்.

"அலை ஏறாம நிக்கறவங்கதான் பாவம், நோயாளி?"

"ஆமா."

"அப்ப இது என்னங்க நியாயம்? சக்தி ஏறினவங்களைப் படுக்கப் போடறோம். நோயாளியைப் போய் நூறு பஸ்கி எடுக்கச் சொல்றோம். இன்னைக்கு ஒரே ஒரு நாள் மாத்திக்கலாம். மாஸ்டர் அலைல விழறவங்க, புது சக்தியோட ஆளுக்கு நூறு பஸ்கி எடுத்து இந்த அரங்கத்துக்கே காட்டட்டும். விழாம நிக்கற பாவிங்க மெத்தைல படுத்து ஜூஸ் குடிக்கட்டும். அலை அலைதானே? பஸ்கியைப் பாத்தா அது திரும்பிப் போயிடப் போகுது?"

அரங்கம் அதிரக் கைதட்டியது. கைதட்டியவர்கள் யாரும் பஸ்கி எடுக்கப் போகிறவர்கள் இல்லை. மேடையில் இருந்த நாற்பது பேர் மட்டும் கைதட்டவில்லை.

மாஸ்டர் தாடியைத் தடவினார். மறுக்க ஒரு காரணம் தேடினார். தன் வாயாலேயே "முழுக்க ஏறிடும்" என்று சொல்லியாகிவிட்டது.

"ஆகட்டும்," என்றார்.

மைக் அறிவித்தார். "விழறவங்களுக்கு நூறு பஸ்கி! நிக்கறவங்களுக்கு மெத்தை!"

மாஸ்டர் காலை அகட்டினார். கையை நீட்டினார்.

"ஹூம்!"

ஒருவரும் விழவில்லை.

கேஷியர் மட்டும் பழக்க தோஷத்தில் முட்டியை மடக்கினார். பாதி தூரம் போனார். நூறு என்ற எண் ஞாபகம் வந்திருக்க வேண்டும். காற்றிலேயே நின்று, மெதுவாக, கௌரவம் கெடாமல், நிமிர்ந்தார்.

"ஹூம்!"

டைப்பிஸ்ட் அம்மா தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஹூம்! ஹூம்! ஹூம்!"

மாஸ்டரின் தொண்டை கட்டியது. மேடையில் நாற்பது பேரும் ராணுவத்தில்கூடப் பார்க்க முடியாத விறைப்போடு நின்றார்கள். மாதக்கணக்காக "ஹூம்" கேட்ட மாத்திரத்தில் வாழைத்தண்டு மாதிரிச் சரிந்த நாற்பது பேர்!

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது.

"மாஸ்டர், நாங்க படுத்துக்கலாமா?"

அரங்கம் வெடித்துச் சிரித்தது.

"இங்க யாரோ அலைக்கு எதிரா எதையோ கொண்டு வந்திருக்காங்க!" என்று மாஸ்டர் கத்தினார். "செல்போன்! இரும்பு! கட்டு! நாற்பது பேருக்கும் கட்டு!"

"நாற்பது பேருக்கும் ஒரே நாள்ல, ஒரே நிமிஷத்துலயா?" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "வாங்கறவங்க நாற்பது பேரு. அனுப்பறவர் ஒருத்தர். கட்டு அனுப்பற பக்கம் இருந்தா? மைக்கண்ணே, மாஸ்டரோட கட்டை உடைங்களேன்."

"பஸ்கி! பஸ்கி!" என்று அரங்கம் தாளம் போட்டது.

பன்னிரண்டு வருஷம் குகையில் பயின்றவர் பதினொன்றாவது பஸ்கியில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. மைக் பழக்கத்தில் ஈரத் துணியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

மேடையில் அப்போதுதான் நிஜமான விஷயம் நடந்துகொண்டிருந்தது. கேஷியர் டைப்பிஸ்ட் அம்மாவின் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார்.

"ஏம்மா, நீங்களும் சும்மாதான் விழுந்தீங்களா?"

"நான் மட்டும்தான் சும்மா விழறேன்னு நினைச்சேன் சார். உங்களுக்கெல்லாம் நிஜமா வருதேன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"அட! நான் உங்களைப் பாத்துத்தானே வெக்கப்பட்டேன்!"

அந்த வாக்கியம் வரிசை வரிசையாகப் போனது. நாற்பது பேருக்கும் ஒரே வெட்கம். மாதக்கணக்காக ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்தே விழுந்திருக்கிறார்கள். பிறகு கூட்டம் கூடையின்மேல் பாய்ந்தது. "அந்த நீலப் பட்டை என்னுது!" "யோவ், அது என் பிரஷர் மாத்திரை!" என்று தள்ளுமுள்ளு. "கூடைல இருக்கறதை யாரும் வாயில போடாதீங்க! டாக்டர்கிட்ட போய்ப் புதுசா எழுதி வாங்குங்க!" என்று மெக்கானிக்கின் மனைவி ஒலிபெருக்கியில் கத்த வேண்டியிருந்தது. இந்தக் களேபரத்தில் மாஸ்டர் மைக்கின் தோளைப் பிடித்துக்கொண்டு பின்வாசல் வழியாக நழுவினார். தொட்டுத்தான் பிடித்திருந்தார்.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று மெக்கானிக் அக்காவின் பக்கம் திரும்பினார்.

அக்கா சிவப்பு பெல்ட்டைத் தானே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

*

"பொய்க்காரப் பசங்க," என்றாள் அக்கா, கடைக்கு வந்து மிஷின் முன்னால் உட்கார்ந்ததும். "நாற்பது பேரும் நடிச்சிருக்காங்க. பாவம் மாஸ்டர்."

"அண்ணி!" என்றாள் மெக்கானிக்கின் மனைவி. "கண்ணால பாத்தீங்களே!"

"பாத்தேம்மா. நானும்தான் பாதி நாள் மெத்தைக்காக விழுந்திருக்கேன். முப்பது வருஷமா இந்த ஸ்டூல்ல குந்திக்கிட்டிருக்கறவளுக்குப் படுக்கணும்னு இருக்காதா? நான் பொய்யி, அவங்க பொய்யி, ஒத்துக்கறேன். ஆனா இவன்?" தம்பியைக் கைகாட்டினாள். "முதல் நாள் மெத்தையும் இல்ல, பஸ்கியும் இல்ல. இவன் விழுந்தான். அரைமணி நேரம் எந்திரிக்கல. என் கண் முன்னால. இவன் என்கிட்ட பொய் சொல்ல மாட்டான். ஒரு ஆளுக்கு நிஜமா வந்திருந்தாக்கூட அலை நிஜம்தானே?"

வாதத்தில் ஒரு ஓட்டைகூட இல்லை. அவள் தைத்த துணி மாதிரியே.

மெக்கானிக் மேசையில் இருந்த மாத்திரைப் பட்டையைப் பார்த்தார். அக்காவின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். கட்டின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கசிவு. எழுந்து வீட்டுக்குப் போனார். பத்து நிமிஷத்தில் ஒரு பேண்டோடு திரும்பி வந்தார். தொடக்க நாளன்று போட்டுப் போவதற்காக அக்கா அவருக்குத் தைத்துக் கொடுத்த கறுப்பு பேண்ட். அதை மிஷின்மேல் வைத்தார்.

அக்கா பேண்டை எடுத்தாள். கை தானாகவே அதை உள்பக்கம் வெளியே திருப்பியது. நடுத் தையலில் விரலை ஓட்டினாள். விரல் நின்றது. கண்ணாடியைப் போட்டாள்.

"டேய். இது என் தையல் இல்ல."

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.

"இடுப்புலேர்ந்து முன்பக்க ஜிப் அடி வரைக்கும் புதுசா போட்டிருக்கு. நூல் தடி. ஒரு இழுப்பு கோணல். எவன்டா தைச்சான் இதை?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தரு."

"அவன்கிட்டயா? என் பேண்டையா?" சர்க்கரை நானூற்று எழுபது என்று கேட்டபோதுகூட அக்காவின் முகம் இப்படிப் போகவில்லை. "எப்ப?"

"பதினோரு மாசம் ஆச்சு."

அக்கா பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர்.

"உண்மையைச் சொல்லு. முழுசா சொல்லு. இதைப் போட்டுக்கறேன்."

"குதிரை ஏறின மாதிரி நில்லுன்னான்க்கா. காலை அகட்டி முட்டியை மடக்கினேன். அவன் 'ஹூம்'ங்கறதுக்கும் பின்னாடி 'டர்ர்'ருங்கறதுக்கும் சரியா இருந்துச்சு. ஒரு சாணுக்கு மேல போயிடுச்சு. எதிர்ல இருநூறு பேரு. உள்ள போட்டிருந்தது வேற ரொம்பப் பழசு. ஓடவும் முடியாது, திரும்பவும் முடியாது. அதான் மல்லாந்து படுத்துட்டேன். ஜமுக்காளம் வர்ற வரைக்கும் எந்திரிக்கல."

மெக்கானிக்கின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

அக்கா சிரிக்கவில்லை. "என் தையல் பிரிஞ்சுதுன்னு சொல்றியா?"

"இல்லக்கா."

"பின்ன?"

லிஃப்ட் மெக்கானிக் இன்னும் கொஞ்சம் குனிந்தார். இதுதான் கடைசி. இதற்குக் கீழே தோண்ட எதுவும் இல்லை.

"நீ அளவெடுத்தப்ப நான் மூச்சைப் பிடிச்சு, வயித்தை எக்கிக்கிட்டு நின்னேன்."

அக்கா மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரைக் குடித்தாள்.

ஒரு மனுஷன் அளவு நாடாவுக்கு முன்னால் இரண்டு அங்குலம் பொய் சொன்னான். அந்த இரண்டு அங்குலத்தில் ஒரு மாஸ்டர், ஒரு மைக், ஒரு கூடை மாத்திரை, ஐந்நூறு பேர் கைதட்டல். அடுத்த தடவை உங்கள் கண்முன்னால் யாராவது அற்புதமாக விழுந்தால் மகாஜனங்களே, தள்ளியவன் கையை மட்டும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். விழுந்தவன் ஏன் எழுந்திருக்க மாட்டேன் என்கிறான் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யோசிப்பதற்குப் பஸ்கி எடுக்கத் தேவையில்லை. படுத்துக்கொண்டேகூட யோசிக்கலாம்.